விழிப்பு 84

அக்டோபர் 7, செவ்வாய்

உரக்கடைக்காரர் கொடுத்த பழைய வருஷத்து டைரி இது. கிழமையெல்லாம் தப்பு. அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதிக்கொள்கிறேன். எழுதச் சொன்னவன் தணிகைவேல், என் மனைவி பூங்காவனத்தின் தம்பி. அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.

"மாமா, எந்தத் திறமைக்கு எத்தனை பாயிண்ட் போட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. இல்லாட்டி குழம்பிடுவீங்க" என்றான்.

ஃபோனில் விளையாடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் ஃபுட்பால், காலால் தொடுவதே அபூர்வம். பந்தைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிறான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். இதில் நாம் விரலால் ஆட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு வீரனை உருவாக்கி, வாரம் கிடைக்கும் பதினைந்து புள்ளியை வைத்து அவனை வளர்க்க வேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே நடத்தும், நாம் பார்க்கலாம். தணிகைவேல்தான் எங்கள் அணிக்கு மேனேஜர். அங்கே இரவு எட்டு மணி ஆட்டம், நமக்கு விடிகாலை ஐந்தரை. செவ்வாய், வியாழன், சனி.

எனக்குக் கொடுத்த இடம் சேஃப்டி. "எல்லாருக்கும் பின்னாடி நிப்பான் மாமா. அவனத் தாண்டிட்டா அப்புறம் ஆளே கிடையாது. அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க. நல்லா ஆடுனா எவனும் கண்டுக்க மாட்டான், ஒரு தடவ விட்டா எல்லாரும் திட்டுவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல்லிச்சேரி பெரிய ஏரிக்கு நான் பதினேழு வருஷமாக லஸ்கர். தண்ணீர் மட்டம் பார்ப்பது, ஷட்டர் திறப்பது, கரையைக் காப்பது. ஏரி நிறைந்தால் அமைச்சர் வந்து பூத்தூவுவார், லஸ்கர் பெயரை எவன் கேட்கிறான்?

என் வீரன் பெயர் ஏகாம்பரம்தான். அமெரிக்காக்காரர்கள் அதை இரண்டாக உடைத்து ஈ. காம்பரம் ஆக்கிவிட்டார்கள். வேகம் 64, பலம் 60, ஆளை அமுக்கும் டேக்கிள் 61, விழிப்பு 38.

அக்டோபர் 9, வியாழன்

உதவிப் பொறியாளர் மைதிலி மேடம் ஜீப்பில் வந்தார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வருஷா வருஷம் சொல்கிற அதே பாடம். கரை இரண்டே கால் கிலோமீட்டர். தினம் காலையில் போகும்போது மேலே நடக்க வேண்டும், திரும்பும்போது அடியில் நடக்க வேண்டும்.

"மேலருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது ஏகாம்பரம். அடியில பாருங்க. கசிவு தெளிவா வந்தா பயப்பட வேணாம். மண்ணு கலந்து வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் நமக்கு நேரம் ரொம்பக் கம்மி. உடனே உபரி ஷட்டரத் தெறந்துட்டு எனக்கு அடிங்க."

பதினேழு வருஷம் பார்த்தவனுக்குப் பாடம் எடுக்கிறது நேற்று வந்த பெண். சரி மேடம் என்றேன்.

நீர்மட்டம் 16.40. முழுக் கொள்ளளவு 24 அடி.

அக்டோபர் 14, செவ்வாய்

தோற்றோம், என்னால். எதிரணிக்காரன் பந்தைப் பக்கத்தில் ஒருவனுக்குக் கொடுப்பதுபோலப் பாவனை செய்தான். ஈ. காம்பரம் அதை நம்பி முன்னால் பாய்ந்துவிட்டான். பந்து அவன் தலைக்கு மேலே போய்ப் பின்னால் ஓடியவன் கையில் விழுந்தது. எழுபது கஜம் யாரும் இல்லாமல் ஓடினான் படுபாவி.

"வேகத்துக்கே எல்லாப் பாயிண்டும் போட்டுட்டீங்க மாமா. விழிப்பு இல்லாம வேகம் இருந்து இன்னா புண்ணியம்? ஏமாறுறதுக்கு வேகமா ஓடறான்."

விழிப்புக்குப் புள்ளி மட்டும் போதாதாம். பழைய ஆட்டங்களின் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு படம் நாற்பது நிமிஷம். பார்த்து முடித்தால்தான் அந்தப் புள்ளி ஏறும். நடுவில் மூடினால் போச்சு.

ஆட்டம் முடிந்ததும் கரை முழுவதும் நடந்தேன். மேலேயும் அடியிலும். 17.85.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. பூங்காவனம் சுட்ட அதிரசம் கல்லாக இருக்கிறது, சொன்னால் சண்டை.

காலை நடையில் ஒற்றைப் பனையைத் தாண்டியதும் அஞ்சலாட்சி கூப்பிட்டாள். கரைக்குக் கீழே கரையடித் தெருவில் இருக்கிறவள். ஒரு எருமை, ஒரு கன்று. தினம் கரையடியில் புல் அறுப்பாள். புருஷன் இல்லை. வாய் மட்டும் ஊருக்கே போதும்.

"லஸ்கரண்ணா, இங்க வாயேன். கரைக்கு வேர்த்துக் கொட்டுது பாரு."

விரல் கனத்துக்குக் கசிவு, புல்லுக்கு அடியில். கையில் ஏந்திப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பயமில்லை என்றேன்.

"உனக்குப் பயமில்ல, நீ மேல இருக்க. கீழ நாப்பத்திரெண்டு வூடு நாங்க கீறோம்."

"கலங்கி வந்தா மட்டும் எனக்கு ஃபோன் பண்ணு" என்று நம்பர் கொடுத்தேன். அவள் ஃபோனில் அவளே சேமித்துக்கொண்டாள். நல்ல வேலை செய்தோம் என்று இருந்தது.

அக்டோபர் 22

மேடம் வந்து பார்த்தார். தினம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவைப் பிடித்து, தேதிச் சீட்டு ஒட்டி, மதகு ஷெட் ஜன்னலில் வைக்கச் சொன்னார். வரிசையாகப் பார்த்தால் நிறம் மாறுவது தெரியுமாம். ஊறுகாய் பாட்டில்கள் தேடிப் பூங்காவனத்திடம் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஈ. காம்பரம் இன்று ஏமாறவில்லை. அதே பாவனை, அதே ஓட்டம். அசையாமல் நின்றான், பந்து வந்தது, பறித்தான். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பத்தொன்பது படம் பார்த்ததற்குப் பலன். விழிப்பு 57.

ஜன்னலில் ஒன்பது பாட்டில். ஒன்பதும் தெளிவு. 20.10.

நவம்பர் 4, செவ்வாய்

இதென்ன கூத்து. ஐந்தரைக்கு ஃபோனைத் திறந்தால் ஆட்டம் இல்லை. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். இனி நமக்கு ஆறரை. முடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். ஏழரைக்குள் நான் ஆபீசுக்கு வாட்ஸப்பில் நீர்மட்டம் அனுப்ப வேண்டும். கரை நடந்து திரும்ப ஒன்றேகால் மணி நேரம். எங்கே நடப்பது?

ஐந்து மணிக்கே நடக்கலாம். ஆனால் இருட்டில் கரையடியில் என்ன தெரியும்? போன வருஷம் கண்ணாடி விரியன் அடித்தோம் அங்கே.

இன்று ஒற்றைப் பனை வரை மேலேயே நடந்தேன். அதுவே போதும், மழை இல்லை. 21.30.

நவம்பர் 6, வியாழன்

ஒற்றைப் பனை தெரிகிற தூரம் வரை நடந்தேன். ஜெயித்தோம். வேகம் 74, டேக்கிள் 70, விழிப்பு 63.

நவம்பர் 9, ஞாயிறு

ஆட்டம் இல்லாத நாள் முழுசாக நடக்கத்தான் இருந்தேன். முழங்கால் வலி. நான்கு படம் பார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தணிகைவேல் ஒரு வழி சொன்னான். தினமும் பயிற்சியைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாமாம், ஏழு நாளுக்கும் முன்கூட்டியே போட்டுவைக்கலாம்.

"நாள் வந்ததும் அதுவே ஏறிக்கும் மாமா. நீங்க தொடவே வேணாம்."

அட, இத்தனை நாள் தெரியாமல் போச்சே.

நவம்பர் 13, வியாழன்

ஆபீஸ் பதிவேட்டில் தினம் எழுதுவது ஒரே வரிதான். "கரை முழுவதும் சுற்றி வரப்பட்டது. கசிவு தெளிவு. கரை நலம்." பதினேழு வருஷத்தில் இந்த வரி எத்தனை தடவை மாறியிருக்கும்? நாளைக்கும் மறுநாளுக்கும் சேர்த்தே எழுதி வைத்துவிட்டேன். நீர்மட்டம் மட்டும் அன்றன்று ஷெட் வாசலில் இருக்கும் அளவுகோலைப் பார்த்து நிரப்பலாம். அதில் பொய் கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. பூங்காவனம் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஜன்னலில் இருந்த கடைசி பாட்டிலை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்துத் தேதி போட்டிருக்குது, அடியில பாசி புடிச்சிருக்குதே? ஒரே ராத்திரியில பாசி புடிக்குமா?"

"ஏரித் தண்ணி அப்படித்தான்" என்றேன்.

அவள் பாட்டிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. 22.45.

நவம்பர் 18, செவ்வாய்

மனசே சரியில்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டம், எதிரணி எங்கள் கோட்டுக்கு எட்டு கஜத்தில். அப்போது பார்த்து அஞ்சலாட்சி ஃபோன். ஃபோன் வந்தால் ஆட்டம் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது இந்த ஓட்டை ஃபோனில். எடுத்தேன்.

"லஸ்கரண்ணா, தண்ணி கொஞ்சம் டீ கலர்ல வர்ற மாதிரி கீது. முன்ன வந்ததவிட ரெண்டு மடங்கு வருது. நீ இந்தப் பக்கம் வந்தே பத்து நாளாச்சே, உடம்புக்கு இன்னா?"

"மழத்தண்ணி மேலருந்து வழியுது, அதான் கலங்கலாத் தெரியுது. சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்றேன்.

"வந்துடுண்ணா. நீ பாத்துட்டுச் சொன்னா நிம்மதியாத் தூங்குவோம்."

வைத்துவிட்டுத் திரும்பினால் ஆட்டமே முடிந்திருந்தது. ஈ. காம்பரம் என்ன செய்தான் என்று நான் பார்க்கவே இல்லை. ஒரு மாத உழைப்பு. இனிமேல் ஆட்ட நேரத்தில் எவன் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

சாயங்காலம் பலத்த மழை. போக முடியவில்லை.

நவம்பர் 19

மேடத்திடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்பார். பாட்டில்களைப் பார்ப்பார். மழை விட்டதும் நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை.

நவம்பர் 22, சனி

புயல் சின்னம் உருவாகியிருக்கிறதாம். மேடம் ஃபோனில் கேட்டார்.

"கசிவு எப்படி இருக்கு ஏகாம்பரம்?"

"தெளிவா இருக்கு மேடம்."

"நேர்ல பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மேடம்."

"அப்ப சரி. வேற ரெண்டு ஏரியில பிரச்சனை, நான் அங்க போறேன். உங்க ஏரின்னா எனக்குக் கவலையில்ல."

அரையிறுதிக்கு இன்னும் நான்கு ஆட்டம் ஜெயித்தால் போதும் என்றிருந்தது, மூன்று ஜெயித்துவிட்டோம். விழிப்பு 79. எண்பதுக்கு மேல் ஒவ்வொன்றும் மூன்று புள்ளி கேட்கிறது. 23.05.

நவம்பர் 26, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. நாளை அரையிறுதி. சேமித்து வைத்திருந்த எல்லாப் புள்ளியையும் போட்டேன், ஆறு படம் பார்த்தேன். வேகம் 80, பலம் 72, டேக்கிள் 78, விழிப்பு 84. மொத்த லீகிலும் சேஃப்டிகளில் இதுதான் அதிகம் என்று தணிகைவேல் சொன்னான். "மாமா, உங்க ஆளத் தாண்டி ஈ எறும்பு போவாது" என்றான்.

பதிவேட்டில் வியாழன், வெள்ளி இரண்டையும் எழுதிவிட்டேன். நீர்மட்டத்தையும் சேர்த்தே போட்டேன், 23.20. இரண்டு நாளில் அரை அங்குலம் கூடக் குறைய வித்தியாசம் வந்தால் யாருக்கு நஷ்டம்? நாளை ஆட்டம் முடிந்ததும் கட்டாயம் கரையடியில் நடக்க வேண்டும். குடை கம்பி உடைந்திருக்கிறது, கட்டி வைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

காலை 7.05க்குக் கரை உடைந்தது. ஒற்றைப் பனைக்கு அப்பால். நான் ஷெட்டில் இருந்தேன். ஃபோனில் சிக்னல் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

தூக்கம் இல்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதலில் சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. வெளியே ஓடினேன். ஒற்றைப் பனை சாய்ந்து போவதை இங்கிருந்தே பார்த்தேன். கரை அங்கே முப்பது அடிக்கு இல்லை, பிறகு அறுபது அடிக்கு இல்லை. ஷட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது திறந்து என்ன பிரயோஜனம்? இருந்தும் திறந்தேன். இரண்டு தடவை சாவி கீழே விழுந்தது.

கரையடித் தெருவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. ஆனால் ஆட்களெல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். குழந்தைகள், படுத்த படுக்கையாகக் கிடந்த கண்ணுசாமி, எல்லாரும். நான் ஓடிப்போய் எண்ணினேன். நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள்.

அஞ்சலாட்சியை இன்று மதியம் சவுக்குத் தோப்பில் கண்டெடுத்தார்கள்.

பூங்காவனம் நேற்று முழுவதும் பள்ளிக்கூடத்தில் சமைத்துவிட்டு ராத்திரிதான் வந்தாள். அவர்கள் சொன்னதை என்னிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறரைக்குப் புல்லறுக்கப் போயிருக்குது. செகப்பாத் தண்ணி பீச்சி அடிச்சிருக்குது. உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்குது. அப்புறம் சோத்துத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு வூடு வூடாத் தட்டியிருக்குது. எல்லாரும் இன்னாடி பைத்தியமான்னு கேட்டாங்களாம். லஸ்கருக்குச் சொல்லிட்டியான்னு கேட்டாங்களாம்."

"இன்னா சொன்னாளாம்?"

"அண்ணன் எடுக்கல, ஷட்டர் தெறக்க ஓடியிருப்பாரு, அதான் எடுக்கல, அவரு பாத்துக்குவாரு, நீங்க மொதல்ல கெளம்புங்கன்னு சொல்லுச்சாம். எல்லாரையும் முன்னாடி வுட்டுட்டு அது கடைசியா வந்திருக்குது. பாதி வழியில கன்னுக்குட்டி கட்டுல கீதுன்னு திரும்பிப் போயிருக்குது."

நான் சிக்னல் இல்லை என்றேன். அவள் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நேற்று மதியம் மேடம் வந்தபோதே பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். ஷெட் வாசலில் நின்றபடியே புரட்டினார். சேலையெல்லாம் சேறு. புதன் பக்கம் பார்த்தார், வியாழன் பார்த்தார், ஒரு பக்கம் தள்ளினார். அங்கேயே நின்றுவிட்டார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"இருபத்தெட்டு, வெள்ளி. நீர்மட்டம் 23.20. கரை முழுவதும் சுற்றி வரப்பட்டது. கசிவு தெளிவு. கரை நலம்."

நிமிர்ந்து ஏரியைப் பார்த்தார். தரை தெரிந்துகொண்டிருந்தது. மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இது நாளைக்குத் தேதி ஏகாம்பரம்" என்றார்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீட்டைச் சுரண்டினார். அடியில் பழைய சீட்டு, அதற்கும் அடியில் இன்னொன்று. எண்ணிக்கொண்டே போய் நடுவில் நிறுத்திவிட்டார். பதிவேட்டையும் பாட்டிலையும் ஜீப்பில் வைத்துக்கொண்டு போனார். விசாரணை திங்கட்கிழமை. ஃபோனைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 29, சனி

தணிகைவேலுக்கு இங்கே நடந்தது இன்னும் தெரியாது போலிருக்கிறது. வியாழக்கிழமை அனுப்பிய செய்தியை இன்றுதான் பார்த்தேன். "மாமா ஜெயிச்சிட்டோம்! கடைசி பந்து உங்க ஆள்தான் தட்டிவிட்டான். அவன் மட்டும் இல்லாட்டி போயிருக்கும்." எனக்கு அது தெரியும். பார்த்தேன். ஏழு மணி நான்கு நிமிஷத்துக்கு.

இன்று இறுதி ஆட்டம். திறக்கவில்லை. அவன் தானாகவே ஆடியிருப்பான்.

அஞ்சலாட்சியை எரித்தார்கள். கொள்ளி வைக்க ஆளில்லை. அண்ணன் முறையில் நீ வையேன் என்று தெருக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். என்மேல் அவர்களுக்குக் கோபமே இல்லை. "இன்னா பண்றது, நீயும் ஷட்டரோட போராடிக்கினு இருந்திருப்ப" என்று கண்ணுசாமி மகன் என் தோளைத் தட்டினான். கொள்ளியை வாங்கி வைத்தேன். கை சுட்டது.

நவம்பர் 30, ஞாயிறு

நாளைக்கு விசாரணை. ஃபோனில் இருப்பதை அழித்துவிடலாம் என்று காலையிலிருந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூங்காவனம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழிக்க முடியவில்லை.

6.31, 6.33, 6.34, 6.38, 6.40, 6.47.

சிக்னல் இருந்தது. ஆறு தடவையும் நான்தான் கட் பண்ணினேன்.